சக்ஷன் மிஷினும் ஏழு இன்ஜினியர்களும்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் டிபார்ட்மென்டில் ஒரு டிரெய்னி இடத்துக்கு இன்டர்வியூ நடந்தது. ஏழு பேர் வந்தார்கள். நாலு பேர் பயோமெடிக்கல் பி.இ., இரண்டு பேர் இ.சி.இ., ஒரு பெண் மட்டும் டிப்ளமோ. எச்.ஆர். மேடம் வழக்கமான கேள்விகளை முடித்த பிறகு என் முறை. என்னிடம் இரண்டே இரண்டு கேள்விதான்.

முதலாவது மானிட்டர். நோயாளி படுக்கைப் பக்கத்தில் பச்சைக் கோடு ஓடுமே, அதுதான். கேபிள் சொருகும் பக்கத்தைத் திருப்பி, அங்கே அச்சடித்திருக்கும் சின்ன இதயப் படத்தைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன். ஆறு பேர், "ஈ.சி.ஜி. கேபிள் இங்க சொருகணும் மேடம்" என்றார்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் எஸ்பிஓ2 கேபிளுக்குப் பக்கத்திலும் அதே இதயம் இருக்கிறதே என்று காட்டியபோது முழித்தார்கள். அது கசிவு மின்சாரத்துக்கான குறி. கட்டத்துக்குள் மனித உருவம் இருந்தால் பி.எஃப். வகை, நோயாளி உடம்பு வழியாகக் கசியும் மின்சாரம் சாதாரண நிலையில் 100 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. இதயம் இருந்தால் சி.எஃப்.; 10 மைக்ரோ ஆம்பியர்தான் எல்லை. இதயத்தோடு நேரடியாகத் தொடர்பு வரக்கூடிய இடத்துக்கு அவ்வளவு கறார். படத்துக்கு இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி கோடு இருந்தால், இதயத் துடிப்பைச் சீராக்க நோயாளிக்கு டீஃபிப் மிஷினில் ஷாக் கொடுத்தாலும் மானிட்டர் தாங்கும் என்று அர்த்தம். ஒரு பையன் மட்டும் இதைச் சரியாகச் சொன்னான். எனக்கு ஒரே சந்தோஷம், ஆள் கிடைத்துவிட்டான் என்று.

இரண்டாவது, மேஜைமேல் ஒரு சக்ஷன் மிஷின். தொண்டையில் சளி அடைத்தால் உறிஞ்சி எடுப்பார்களே, அது. "மோட்டார் ஓடுது, இழுக்க மாட்டேங்குது. பத்து நிமிஷம் டைம். டூல்ஸ் இருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். இதயத்தைச் சரியாகச் சொன்ன பையன் உட்பட ஆறு பேரும் நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்கள். அடிப் பலகையைக் கழற்றி மோட்டாரைப் பார்த்தார்கள். ஒருவர் மல்டிமீட்டர் வைத்து ஓல்டேஜ் பார்த்தார். மோட்டார் ஓடுகிறது என்றுதான் சொன்னேனே.

அந்த டிப்ளமோ பெண் மட்டும் மிஷினை ஆன் பண்ணி, சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் ஜாரிலிருந்து பம்புக்குப் போகும் டியூபைப் பிடுங்கி, பம்பு வாயைக் கட்டை விரலால் அடைத்தாள். உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் சரசரவென்று 600ஐத் தாண்டியது. "பம்பு நல்லா இருக்கு மேடம்" என்றாள். டியூபைத் திரும்ப மாட்டி, இந்த முறை ஜாருக்கு இந்தப் பக்கம், நோயாளி டியூபை அடைத்தாள். முள் அசையவில்லை. ஜார் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த ரப்பர் வாஷரைச் சுற்றி விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். நகம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. இதயப் படத்துக்கு அவளும் தப்பான பதில்தான் சொல்லியிருந்தாள்.

அவளைத்தான் எடுத்தோம். அதற்கப்புறம், இன்டர்வியூவுக்கு வந்திருந்த மற்றவர்களில் இரண்டு பேர் எனக்கு மெயில் போட்டிருந்தார்கள். "நாங்க என்ன படிச்சிருக்கணும் மேடம்? இந்த ஃபீல்டுல ஸ்கோப் இருக்கா?" தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கதை. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 2005இல் இ.சி.இ. டிப்ளமோ முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். மாதம் 3,000 ரூபாய். 'பயோமெடிக்கல்' என்ற வார்த்தையையே அங்கே போய்த்தான் கேட்டேன். டிபார்ட்மென்ட் என்பது பேஸ்மென்டில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு அண்ணன். அண்ணன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். சர்வீஸ் மேனுவலை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் சர்க்யூட் டயகிராமை விரித்துவிட்டால் ரேகை பார்ப்பது மாதிரி விரல் வைத்துக்கொண்டே போவார்.

சேர்ந்து பத்து மாதம் இருக்கும். அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட நினைப்பு. ஒருநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து போன். கண்டக்டிவிட்டி அலாரம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டயாலிசிஸ் மிஷின் ஆர்.ஓ. தண்ணீரோடு இரண்டு கரைசலைக் கலக்கும். ஒன்று ஆசிட், இன்னொன்று பைகார்பனேட். நிமிஷத்துக்கு 500 மில்லி என்று வைத்தால் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர் ஒரு ஆளின் ரத்தத்துக்குப் பக்கத்தில், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அந்தப்புறம் ஓடுகிறது. உப்பின் அளவு சரியாக இருக்கிறதா என்று மிஷின் மின்கடத்தும் திறனை வைத்துத் தெரிந்துகொள்ளும். 14 மில்லிசீமன்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ அலாரம் அடித்து, கரைசலை நோயாளிப் பக்கம் விடாமல் திருப்பிவிடும்.

அன்றைக்கு 13க்குக் கீழே காட்டியது. வெளியே ஐந்து பேர் ஷிஃப்டுக்குக் காத்திருக்கிறார்கள். சிஸ்டர் என் முகத்தையே பார்க்கிறார். கம்பெனி இன்ஜினியர் ஒருவர், மிஷினின் உள் அளவுகளை மாற்றும் சர்வீஸ் மோடுக்குள் போவதை அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். எந்த பட்டனை எத்தனை நொடி அழுத்தினார் என்று மனப்பாடம். உள்ளே போய்க் காலிபரேஷனில், அதாவது மிஷின் காட்டும் அளவைச் சரிசெய்யும் இடத்தில், 14 வருகிற மாதிரி மாற்றினேன். அலாரம் நின்றது. இரண்டாவது மிஷினும் அப்படியே. மூன்றாவதில் கை வைத்தபோது அண்ணன் வந்தார்.

"எத்தனை மிஷின்ல அடிக்குது?"

"அஞ்சுலயும்ணே."

"அஞ்சும் ஒரே ராத்திரியில கெட்டுப்போச்சாக்கும்?"

எனக்கு அப்போதுதான் வயிற்றில் என்னமோ செய்தது. அவர் மிஷின் பக்கமே வரவில்லை. நேராகக் கரைசல் கலக்கும் அறைக்குப் போனார். புதிதாக வந்திருந்த ஆள் பத்து லிட்டருக்கு உண்டான பைகார்பனேட் பொடியைப் பெரிய கேனில் கொட்டி, கேன் நிறையத் தண்ணீர் விட்டிருந்தார். ஐந்து மிஷினுக்கும் அதிலிருந்துதான் ஊற்றியிருந்தார்கள்.

திரும்பி வந்து அண்ணன் கத்தவில்லை. "மிஷின் உண்மையைத்தான் சொல்லுது பாப்பா. நீ அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுக்கப் பாக்குற" என்றார். நான் மாற்றிவைத்த இரண்டு மிஷினையும் மீட்டர் வைத்துப் பழையபடி கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. ஷிஃப்ட் முழுக்கத் தள்ளிப்போனது. கரைசலைக் கண்டுபிடிக்காமல் நோயாளியை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருபது வருஷம் கழித்து இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

மெயில் போட்டவர்களுக்கு முதல் பதில் இதில்தான் இருக்கிறது. பயோமெடிக்கல், இ.சி.இ., இ.ஐ.இ., ட்ரிபிள் ஈ, எதை வேண்டுமானாலும் படித்துவிட்டு வாருங்கள். உடலியல் தெரிந்தால் டாக்டரோடு பேசச் சுலபம், சர்க்யூட் தெரிந்தால் போர்டோடு பேசச் சுலபம். ஒன்று இருந்தால் இன்னொன்றை வந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் முதல் இரண்டு வருஷம் யாருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். அதை வைத்துத்தான் சேரும் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கட்டடம் எத்தனை மாடி என்று பார்த்து அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டர்வியூவில் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "மேடம், இங்க எதெல்லாம் சி.எம்.சி.ல இருக்கு?"

வாரன்டி முடிந்த பிறகு மிஷினுக்கு ஒப்பந்தம் போடுவார்கள். ஏ.எம்.சி. என்றால் ஆள் வருவார், பார்ப்பார். பார்ட்ஸுக்குத் தனியாகக் காசு. சி.எம்.சி. என்றால் பார்ட்ஸும் அதிலேயே சேர்த்தி. நிர்வாகத்துக்கு சி.எம்.சி. ரொம்பப் பிடிக்கும், வருஷ ஆரம்பத்தில் ஒரு தொகை கட்டினால் அப்புறம் தலைவலி இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சி.எம்.சி.யில் போட்ட ஆஸ்பத்திரியில் இன்ஜினியருக்கு என்ன வேலை? சிஸ்டர் போன் பண்ணுவார், இவர் கம்பெனிக்குப் போன் பண்ணுவார், டிக்கெட் நம்பரை ரிஜிஸ்டரில் எழுதுவார். கம்பெனி ஆள் வந்தால் கேட் பாஸ் போடுவார். நாலு வருஷம் அப்படி ஒரு இடத்தில் இருந்த பையன் ஒருவன் முந்தின வருஷம் எங்களிடம் வந்தான். நல்ல பையன். பதினைந்து கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பர் மனப்பாடமாகச் சொன்னான். சிரிஞ்ச் பம்பில் அக்லூஷன் டெஸ்ட், அதாவது டியூப் அடைத்தால் அலாரம் அடிக்கிறதா என்ற சோதனை, எப்படிப் பண்ணுவாய் என்றால், "அது கம்பெனிக்காரங்க பண்ணுவாங்க மேடம்." அவன்மேல் தப்பில்லை. யாரும் அவனைத் திறக்க விட்டதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் நாமே பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. காந்தத்தைத் திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கிறது. அங்கே நான் செய்ய வேண்டியது குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறதா, ஹீலியம் அளவு எவ்வளவு என்று தினமும் பார்த்து எழுதுவது, ஏதாவது கோளாறு என்றால் கூப்பிடுவது. எக்ஸ்ரே, சி.டி. பக்கம் சர்வீஸுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி உள்ளவர்கள்தான் வர வேண்டும். அதெல்லாம் சி.எம்.சி.யில் இருக்கட்டும். ஆனால் சக்ஷன், ஆட்டோகிளேவ், மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், பேபி வார்மர், சென்ட்ரிஃப்யூஜின் கார்பன் பிரஷ் எல்லாம் நம் கையில் இருக்க வேண்டும். டிரெய்னிக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

இதை நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். புது மிஷின் வாங்கும்போது பர்சேஸ் ஆர்டரிலேயே, "எங்கள் இன்ஜினியர்கள் இரண்டு பேருக்கு முதல் நிலைப் பயிற்சி, சர்வீஸ் மேனுவல் ஒரு பிரதி" என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். காசு கைமாறுவதற்கு முன்னால் கேட்டால் எல்லாக் கம்பெனியும் சரி என்பார்கள். இன்ஸ்டலேஷன் முடிந்த பிறகு கேட்டால் மேனுவல் ராணுவ ரகசியம் ஆகிவிடும்.

படிப்பு முடித்தவுடன் வேலை கிடைக்காதவர்களுக்கு அப்ரென்டிஸ் வழி இருக்கிறது. நாட்ஸ் என்று சொல்லும் தேசிய தொழில் பழகுநர் திட்டத்துக்குத் தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில்தான். 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை பி.இ.க்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று இருந்தது. ஒரு வருஷம். பெரிய காசு இல்லைதான், ஆனால் அந்த ஒரு வருஷம் கையில் கருவி கொடுக்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

அப்ரென்டிஸ் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். டீஃபிப் திறந்தால் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணாமல் விரலை உள்ளே விடாதே. அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உன்னைத் தூக்கி எறியும். இன்னொன்று, கம்ப்ளைன்ட் வந்தால் மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார். எஸ்பிஓ2 வரவில்லை என்று போன் வந்தால் நான் முதலில் பார்ப்பது விரலைத்தான். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 அகச்சிவப்பும் அந்த விரலுக்குள் போய்வர வேண்டும். முகூர்த்த மாதத்தில் எமர்ஜென்சி வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கறுக்கச் சிவந்த மருதாணி, அதற்கு மேல் நெயில் பாலிஷ். ஏ.சி.யில் கை வேறு ஜில்லென்று இருக்கும். ப்ரோபை வேறு விரலுக்கு, இல்லை காது மடலுக்கு மாற்றிவிட்டு வந்துவிடுவேன். ரிஜிஸ்டரில் 'மிஷின் ஓகே' என்று எழுதுவதோடு சரி.

ஸ்கோப் பற்றி. மதுரை மாதிரி ஊரில் டிரெய்னிக்கு இன்றைக்கும் 12,000, 15,000தான் கொடுக்கிறார்கள். இதை மறைத்து எழுதினால் பாவம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தால் மெதுவாகத்தான் ஏறும். டிபார்ட்மென்டே நாலு பேர். மேலே இருக்கும் ஒருவர் (எங்கள் இடத்தில் நான்) நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இடம். நான் இப்போதைக்கு நகர்வதாக இல்லை.

சம்பளம் வேண்டும் என்றால் கம்பெனி பக்கம். ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர். ஒரே வகை மிஷின், அதில் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ முறையான பயிற்சி. மதுரையில் வீடு, வேலை ராமநாதபுரத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும். இமேஜிங் பக்கம் போனவர்கள்தான் எனக்குத் தெரிந்து நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். என்னோடு சேர்ந்த பையன் சி.டி.க்குப் போனான், ஏழு வருஷத்தில் எங்கள் சூப்பிரண்டென்டைவிட அதிகம் வாங்கினான். ஆனால் அவன் பிள்ளைக்கு மொட்டை போட்ட அன்றைக்கும் கோயில் வாசலில் போனில் எரர் கோடு கேட்டுக்கொண்டிருந்தான், நானே பார்த்தேன்.

இந்த வேலைக்குப் பெண்கள் வேண்டாம் என்று யாரும் எழுத மாட்டார்கள். "டூ வீலர் அவசியம், டிராவல் அதிகம், நைட் கால் இருக்கும், உங்களுக்கு ஓகேவாம்மா?" என்று அந்தக் கடைசி வார்த்தையை இழுப்பார்கள். 2009இல் நான் இரண்டு கம்பெனிக்குப் போனேன், இரண்டு இடத்திலும் இழுத்தார்கள். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. போன வருஷம் எங்களுக்கு வென்டிலேட்டர் பி.எம்.க்கு, அதாவது கெடுவதற்கு முன்பே செய்யும் பராமரிப்புக்கு, வந்தது திருச்சியிலிருந்து ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் செல்லை மாற்றச் சொன்னாள். ஸ்டோரில் மூன்று வருஷமாகப் பெட்டியோடு இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்துவிட்டு, "இது சும்மா இருந்தாலும் தேயுமே மேடம்" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மாட்டிக்கொண்டேன்.

அரசு பக்கம் பார்த்தால், தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கிய டி.என்.எம்.எஸ்.சி. என்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தோடு கருவிகளையும் வாங்கித் தருவது, சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டர்களையும் நடத்துகிறது. 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த கருவிப் பராமரிப்புத் திட்டத்தில் மாவட்ட ஆஸ்பத்திரியில் 95 சதவீத நேரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீத நேரம் மிஷின் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கணக்கு வந்தால் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், வேலை வந்தது. நிறையப் பேர் ஒப்பந்த வேலைதான் என்று அலுத்துக்கொள்கிறார்கள், அதுவும் உண்மை.

அப்புறம் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதனால் கம்பெனிகளில் தர ஆவணம், அனுமதி விண்ணப்பம் பார்க்கும் மேஜை வேலை கூடியிருக்கிறது. கை அழுக்காக வேண்டாம் என்பவர்கள் அங்கே போகலாம். காலிபரேஷன் லேப்களிலும் ஆள் எடுக்கிறார்கள், அந்த லேப்களுக்கான தர விதி ஐ.எஸ்.ஓ. 17025 என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மருத்துவக் கருவி டெக்னீஷியன்களுக்கான அமெரிக்காவின் சி.பி.இ.டி. சான்றிதழ்த் தேர்வு எழுதிவிட்டுப் போனால் பேச்சில் கொஞ்சம் பலம் இருக்கும். சவூதிக்கு இன்ஜினியர் பதவியில் போனால் அங்குள்ள இன்ஜினியர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். டிகிரி சர்டிபிகேட் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். எங்கள் அண்ணன் பையன்கூட, ஆமாம் அந்த ஐ.டி.ஐ. அண்ணனின் மகன்தான், இப்போது மஸ்கட்டில் டயாலிசிஸ் மிஷின் பார்க்கிறான். அண்ணன் ரிட்டயர் ஆகி ராஜபாளையத்தில் இருக்கிறார். போன் பண்ணினால் இன்றும் முதல் கேள்வி, "எத்தனை மிஷின்ல அடிக்குது?"

எங்கள் புது டிரெய்னி சேர்ந்து இன்றோடு பதினெட்டு நாள். நேற்று ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்து, "மேடம், அந்த இதயப் படத்தைப் பத்தி இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே லேபர் வார்டிலிருந்து போன், வார்மர் சூடாகவில்லை என்று. நான் எழுந்திருப்பதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

ஆனி மாதத்துக்குப் பிறகு இன்னொரு இடத்துக்கும் ஆள் எடுக்கப்போகிறோம். அதற்காகவே அந்த சக்ஷன் ஜாரின் வாஷரை மாற்றாமல் வைத்திருந்தேன். இதை எழுதிவிட்டதால் இனி வேறு மிஷினில்தான் ஏதாவது கோளாறு தேட வேண்டும்.